பொறிக்காரி

மானோ இந்தோயிடம் மூங்கில் ஆட்டம் கற்றவர்களில் மூத்தவள் பெலிசா. அவளுக்குப் பிறகு வந்தவள் இசியாங். பின்னால் வந்தவள் எழுந்து நின்று ஆடினாள். முன்னால் வந்தவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். கதை இவ்வளவுதான். மீதியெல்லாம் பெலிசாவின் வயிற்றெரிச்சல்.

பிலிப்பைன்ஸ் தீவுகளில் ஒன்றில், கடலுக்கும் நெல்வயலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த ஊர் அது. அறுவடை முடிந்ததும் மாதா கோயில் முற்றத்தில் திக்லிங் ஆட்டம் நடக்கும். திக்லிங் என்பது வயலில் திரியும் நெட்டைக்கால் பறவை. இரண்டு நீள மூங்கில்களைக் கட்டைகள்மேல் கிடத்தி, முனைக்கு ஒருவராக உட்கார்ந்து பிடித்துக்கொள்வார்கள். கட்டையில் இரண்டு தட்டு. மூன்றாவதற்கு மூங்கில்கள் ஒன்றோடொன்று மோதும். ஆடுகிறவள் அவற்றின் நடுவே கால் வைத்து, மோதுவதற்குள் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் கணுக்கால் அவளுடையது இல்லை.

ஆடுகிறவளுக்குப் பறவை என்று பெயர். மூங்கில் பிடித்துத் தாளம் போடுகிறவளுக்குப் பொறிக்காரி என்று பெயர். மறுமுனையை எப்போதும் மானோ இந்தோய்தான் பிடிப்பார். ஆனால் தாளம் அவருடையது இல்லை. பொறிக்காரியின் கை போகிற வழியில் அவர் கையும் போகும்.

அந்த ஊரில் அண்ணன் முறையில் யாரைக் கூப்பிட்டாலும் மானோ. அக்கா முறைக்கு மானா. இந்தோய்க்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. வயல்காரர்களுக்குப் பறவைப் பொறி செய்து கொடுப்பது அவர் பிழைப்பு. ஆட்டம் சொல்லிக் கொடுப்பதற்கு யாரும் எதுவும் கொடுப்பதில்லை, அவரும் கேட்பதில்லை.

ஆட்டத்தில் இரண்டு வழக்கங்கள் உண்டு. பொறிக்காரியைப் பறவைதான் தேர்ந்தெடுக்க வேண்டும். குருகூட அதில் வாய் திறக்கக் கூடாது. இன்னொன்று, இந்த ஆட்டம் பிறந்த கதையைக் குரு பறவையின் காதில் மட்டும்தான் சொல்வார்.

இசியாங் ஒவ்வொரு அறுவடைக்கும், "மானா பெலிசா உட்காரட்டும்" என்பாள். பலகாரம் நீட்டுகிற மாதிரிச் சிரித்துக்கொண்டு சொல்வாள். தோளைப் பிடித்துத் தரையில் அழுத்துகிற மாதிரி இருக்கும் பெலிசாவுக்கு.

அழுத்தட்டும். அவள் நன்றாகவாவது உழைத்திருந்தால் மனம் ஆறியிருக்கும். இசியாங் வாத்து மேய்ப்பவள். பயிற்சிக்கு நேரத்துக்கு வந்ததே கிடையாது. வந்தாலும் முழங்கால்வரை சேறு. பெலிசாவோ பாய் முடைகிற வேலையைப் பாதியில் போட்டுவிட்டு முதல் ஆளாக வந்து முற்றத்தைப் பெருக்கி வைத்திருப்பாள். பெருக்கி வைத்த இடத்தில் இசியாங் வந்து ஆடுவாள். ஊரே வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். இதை எந்தத் தெய்வத்திடம் போய் முறையிடுவது?

ஒரு நாள் பெலிசா பொறுக்க முடியாமல் குருவின் கொட்டகைக்குப் போனாள். அவர் மூங்கில் பட்டை சீவிக்கொண்டிருந்தார்.

"மானோ, இந்த ஆட்டம் எப்படிப் பிறந்தது?"

அவர் நிமிரவில்லை. "அது பறவைக்குச் சொல்ற கதை."

"அவளுக்கு மட்டும் சொன்னீங்களே."

"அவ பறவை."

"நான் அவளுக்கு முன்னாடி வந்தவ. அவ கால்ல சேறோட வந்து நின்னப்போ, முதல் அடி எடுத்து வைக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்."

"இப்பவும் சேறோடதான் வர்றா."

"அதுதானே எனக்கு எரியுது!"

இந்தோய் கத்தியைக் கீழே வைத்தார்.

"அந்தக் கதையில ஏதோ இருக்கு மானோ. நீங்க அவ காதுல சொன்னதுக்கு அப்புறம்தான் அவ கால் அப்படிப் போகுது. இல்லேன்னா அவளுக்கு எங்கேருந்து வந்துச்சு? எனக்கும் சொல்லுங்க."

"கேட்கணுமா, பார்க்கணுமா?"

பெலிசா ஒரு நொடி யோசித்தாள். கேட்டவளைவிடப் பார்த்தவள் ஒரு படி மேல் அல்லவா?

"பார்க்கணும்."

"விடியறப்போ வயலுக்கு வா."

விடிந்தபோது இருவரும் வரப்போரம் நாணலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அறுத்த வயலில் அடித்தாள்கள் நின்றன. அங்கங்கே நெல் சிதறிக் கிடந்தது. நாணலிலிருந்து ஒரு திக்லிங் வெளியே வந்தது.

பெலிசா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பறவை நடந்தது. நெல்லைக் கொத்தியது. இன்னும் கொஞ்சம் நடந்தது. அவள் வீட்டுக் கோழி இதைவிட நன்றாக நடக்கும்.

"இதையா பார்த்து ஆடறா அவ?"

"பொறு."

அவர் எழுந்ததும் பறவை நாணலுக்குள் ஓடி ஒளிந்தது. அவர் கொண்டுவந்த பொறிகளைத் தாள்களுக்கு நடுவே வரிசையாக வைத்தார். ஒவ்வொரு பொறியும் இரண்டு மூங்கில் பட்டைகள். நடுவே ஒரு குச்சி. குச்சியில் கால் பட்டால் பட்டைகள் இரண்டும் சட்டென்று சேர்ந்து கடிக்கும். வைத்து முடித்து வந்து பழையபடி உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்துப் பறவை வந்தது. இந்த முறை அது நடக்கவில்லை. ஒரு காலைத் தூக்கி, அந்தரத்தில் வைத்து, கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. பொறியைத் தாண்டி வைத்தது. அடுத்த கால் ஒரு குச்சியை உரசியது. பட்டென்று பொறி மூடியது. பறவை துள்ளியது, துள்ளி விழுந்த இடத்தில் இன்னொரு பொறி, அதிலிருந்தும் துள்ளியது. கால்கள் மாறி மாறி விழுந்தன. இறக்கை பாதி விரிந்து பாதி மடங்கியது. பட், பட் என்று ஒவ்வொன்றாகப் பொறிகள் மூட, ஒன்றிலும் சிக்காமல் அது நாணலுக்குள் போய்விட்டது.

பெலிசாவுக்கு உடம்பு சிலிர்த்தது. இசியாங்கின் கால்கள். அச்சு அசலாக அவள் கால்கள்.

"புரிஞ்சுது மானோ. இந்தப் பறவைதான் ஆட்டத்தை உண்டாக்கியிருக்கு. மனுஷங்க அதைப் பார்த்துப் படிச்சிருக்காங்க."

"நீ பார்த்தது அதுதானா?"

"அதுதான்."

"சரி."

அவர் வயலில் இறங்கி, மூடிய பொறிகளை ஒவ்வொன்றாகத் திறந்து வைக்க ஆரம்பித்தார். பெலிசா அதைப் பார்க்க நிற்கவில்லை. அவளுக்கு வீட்டுக்கு ஓட வேண்டும். பன்றிக்கொட்டிலுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத இடம் ஒன்று இருந்தது.

அங்கே அவள் ஆடிப் பார்த்தாள். கால் தூக்குவது, அந்தரத்தில் நிறுத்துவது, கழுத்தைத் திருப்புவது. பன்றிகள் பார்த்தன. பாயில் பாதி முடைந்த ஓலைகள் காய்ந்து சுருண்டன. ஒரு மாதிரி கைவந்துவிட்டது என்று தோன்றியதும் பயிற்சி நேரத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்றாள்.

"இன்னிக்கு நான் பறவையா நிக்கறேன் மானோ."

இந்தோய் இசியாங்கைப் பார்த்தார். இசியாங்குக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நில்லுங்க மானா! நானும் உட்கார்ந்து பார்க்கணும்னு எத்தனை நாளா நினைச்சிருக்கேன்."

"பொறிக்காரி யாரு?" என்று கேட்டார் குரு.

"அவளே உட்காரட்டும்" என்றாள் பெலிசா. ஒரு தடவையாவது தரை எப்படியிருக்கும் என்று அவளுக்கும் தெரியட்டுமே.

மூங்கில் தட்டியது. பெலிசா ஆடினாள். ஒரு அடி பிசகவில்லை. கால் உயர வேண்டிய இடத்தில் உயர்ந்தது, கழுத்து திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பியது. மூங்கில்கள் அவள் காலைத் தொடவே இல்லை. அவள் கால் தாமதித்தால் அவையும் தாமதித்தன. மாப்பிள்ளைக்கு வாசல் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிற மாமியார்போல அவ்வளவு மரியாதை.

முடிந்ததும் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். மீன்காரப் பெண்கள் இருவர் வந்து, "நல்லா இருந்துச்சு பெலிசா" என்றார்கள். காய்ச்சலில் கிடந்து எழுந்தவளிடம் முகம் தெளிந்திருக்கிறது என்று சொல்வார்களே, அந்தக் குரலில் சொன்னார்கள். ஒரு கிழவர் கொட்டாவி விட்டார். அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

பெலிசா நேராக இசியாங்கிடம் போனாள்.

"வேணும்னே மெதுவா அடிச்சே."

இசியாங் திகைத்துப் போனாள். "உங்க கால் வர்றதுக்குக் கொஞ்சம் நின்னேன் மானா. பட்டுடுமேன்னு."

"யாருடி உன்னை நிக்கச் சொன்னது? எனக்கு ஆடத் தெரியாதுன்னு ஊருக்குக் காட்டணும். அதுக்குத்தானே?"

இசியாங் தலை குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அடக்கம்கூட நன்றாக இருந்தது. பெலிசாவுக்கு அதற்கும் சேர்த்து எரிந்தது.

அன்று அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அந்தக் கணுக்கால் ஒரே ஒரு தடவை மூங்கிலில் மாட்ட வேண்டும். உயிருக்கு ஒன்றும் ஆகிவிடாது. கால் வீங்கினால் இசியாங் வாத்துகளோடு வீட்டில் கிடப்பாள். அவள் இடத்தில் பறவையாக நிற்க, பெலிசாவை விட்டால் ஊரில் வேறு ஆள் ஏது? கை பிசகிவிட்டது என்று சொன்னால் யார் இல்லையென்று சொல்லப் போகிறார்கள்?

அறுவடைத் திருவிழா வந்தது. பெலிசா மூங்கில் முனையில் உட்கார்ந்தாள். இசியாங் அன்றைக்குக் கால் கழுவியிருந்தாள். மறுமுனையில் மானோ இந்தோய்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. தட்டு, தட்டு, மோதல். தட்டு, தட்டு, மோதல். கூட்டம் தென்னங்கள்ளைக் குடித்துக்கொண்டு தாளத்துக்குத் தலையாட்டியது. பெலிசா அந்தக் கணுக்காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். மாநிறமான, மெல்லிய கணுக்கால்.

சட்டென்று ஒரு தட்டை விழுங்கிவிட்டு மூங்கிலை மோதினாள்.

கால் அங்கே இல்லை. மேலே இருந்தது.

இன்னொரு முறை முன்கூட்டி அடித்தாள். அப்போதும் இல்லை. பிறகு பின்தங்கி அடித்தாள். இரட்டையாக அடித்தாள். நிறுத்துவது போல நிறுத்தி, கால் இறங்குகிற நொடியில் மோதினாள். இசியாங்கின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. கண்கள் கீழே வந்துவிட்டன. கழுத்து அந்த வயல் பறவையுடையது போலத் திரும்பியது. தோள்கள் இறக்கை மாதிரி விரிந்து மடங்கின. இதுவரை யாரும் பார்த்திராத இடத்துக்கெல்லாம் அந்தக் கால்கள் போயின. கள் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ "அய்யோ" என்றார்கள். குழந்தைகள் கத்தின. பெலிசாவின் கை வலித்தது, வியர்வை கண்ணில் இறங்கியது, அவள் விடவில்லை. ஊர் கூச்சல் போடப் போட அவளுக்கு ஆத்திரம் ஏறியது. ஆத்திரம் ஏற ஏற மூங்கில் இன்னும் வேகமாகப் பாய்ந்தது.

ஒரு முறை மாட்டிவிட்டது.

மூங்கிலுக்கு நடுவே எலும்பு இருப்பதைப் பெலிசாவின் உள்ளங்கை உணர்ந்தது. ஒரு நொடி அவள் கை நின்றது. இசியாங் வலியில் உதட்டைக் கடித்தாள். குனிந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில், "நிறுத்திடாதீங்க மானா" என்றாள்.

பெலிசா நிறுத்தவில்லை. ஆட்டம் முடியும்வரை இசியாங் அந்தக் காலோடுதான் ஆடினாள். முடிந்ததும் ஊர் அவளைத் தூக்கிக்கொண்டு போனது. மூங்கிலை யாரும் பார்க்கவில்லை.

பெலிசா வீட்டுக்குப் போகும் வழியில் இசியாங்கின் வாசலைத் தாண்ட வேண்டும். இசியாங் உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் பப்பாளிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"மானா, எப்பவும் இப்படியே அடிங்க" என்றாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை.

அவள் திட்டியிருந்தால் பெலிசா திருப்பித் திட்டியிருப்பாள். அழுதிருந்தால் மன்னிப்புக்கூடக் கேட்டிருப்பாள். வேகமாக நடந்தாள்.

மறுநாள் மானோ இந்தோய் அவளைக் கொட்டகைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். பெலிசா பயந்துகொண்டுதான் போனாள். மூங்கிலின் மறுமுனையில் இருந்தது அவர் கை. ஒவ்வொரு கள்ள அடியும் அந்தக் கைக்குத் தெரியும்.

"உட்காரு" என்றார். "அக்கரை ஊர்லயும் திருவிழா. ஆட்டத்துக்குக் கேட்டிருக்காங்க. இசியாங்கால முடியாது. நீதான் பறவை."

பெலிசாவின் முகத்தில் ரத்தம் பாய்ந்தது. சந்தோஷம்தான். வெட்கப்பட வேண்டிய சந்தோஷம் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் அது குறையவில்லை.

"மானோ, நேத்து நீங்க மூங்கிலை இழுத்துப் பிடிச்சிருக்கலாம்" என்றாள் மெதுவாக.

"பிடிச்சிருக்கலாம்."

"ஏன் பிடிக்கலை?"

"அவ என்னை மன்னிச்சிருக்க மாட்டா."

பெலிசாவுக்கு அது விளங்கவில்லை. அவர் ஒரு பட்டையை எடுத்து வளைத்துப் பார்த்தார்.

"இப்போ நீ பறவை. உனக்குக் கதை சொல்லணும். பக்கத்துல வா."

அவள் நெருங்கி உட்கார்ந்தாள். இத்தனை காலம் ஏங்கிய கதை. 

"இந்த ஊர்ல முன்னாடி ஒருத்தி இருந்தா. தினம் வரப்பு வழியா நடந்து போவா. இன்னொருத்திக்கு அவ நடையைக் கண்டாலே ஆகாது. என்ன காரணம்னு கேட்டா சொல்லத் தெரியாது. ஆகாது, அவ்வளவுதான். ஒரு நாள் புருஷனோட பறவைப் பொறியை எடுத்துட்டுப் போய் அந்த வரப்புல வச்சா. நடந்தவ பார்த்துட்டா. காலைத் தூக்கி வச்சுப் போயிட்டா. மறுநாள் இவ ரெண்டு பொறி வச்சா. அதையும் தாண்டினா. இவ நெருக்கி நெருக்கி வச்சா. வைக்கோலைப் போட்டு மூடி வச்சா. அவ காலும் அதுக்கேத்த மாதிரி போச்சு. கொஞ்ச நாள்ல அவ போற நேரம் பார்த்து ஊரே வரப்போரம் வந்து நின்னுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அதுதான் ஆட்டம்."

"பறவை?"

"அதைப் பிற்பாடு யாரோ சொன்னாங்க. பொறி வச்சவளைப் பத்திப் பேச ஊருக்குக் கூச்சமா இருந்திருக்கும்."

பெலிசா கேட்டாள்: "நடந்தவளுக்குப் பொறி வச்சது யாருன்னு தெரியாதா?"

"முதல் நாளே தெரியும். வேற வழியும் இருந்துச்சு, ஆத்தோரமா. அவ அதுல போகலை."

கொட்டகைக்கு வெளியே யாரோ வாத்துகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். இசியாங்கின் புருஷனாக இருக்கும்.

"இதைத்தான் இசியாங் காதுல சொன்னீங்களா?"

"இதைத்தான். கேட்டுட்டு அவ ஒண்ணே ஒண்ணு கேட்டா. 'என்னைக் கண்டா இந்த ஊர்ல யாருக்கு ஆகாது மானோ'ன்னு. நான் யோசிக்கறதுக்குள்ள அவளே உன் பேரைச் சொல்லிட்டா."

பெலிசாவுக்குக் காது சூடேறியது. பலகாரம் நீட்டுகிற அந்தச் சிரிப்பு. ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரே சிரிப்பு. தெரிந்தே கூப்பிட்டிருக்கிறாள். தெரிந்தே காலை வைத்திருக்கிறாள். எழுந்து போய் அவள் கன்னத்தில் அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவள் காலடியில் உட்கார வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், "இருந்தாலும் இப்போ நான்தானே பறவை?" என்று கேட்டாள்.

"நீதான். பொறிக்காரி யாருன்னு சொல்லு. வழக்கம்."

"இசியாங்குக்குக் கால்தானே வீக்கம்? கை நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கு. அவகிட்டச் சொல்லட்டுமா?"

பெலிசா அவசரமாகத் தலையை ஆட்டினாள். "வேண்டாம். அவ என் காலுக்காக நிப்பா."

"வேற யாரு?"

"சலிங்?" என்று ஆரம்பித்தாள். சலிங் பக்கத்து வீட்டுக்காரி. பெலிசாவுக்குத் தலைவலி என்றால் கஞ்சி கொண்டுவருகிறவள். "இல்லை. அவளும் நிப்பா."

"சரி."

"ரோசிங்?" ரோசிங் அவள் நாத்தனார். ஒரு நாளும் முகம் கோணியதில்லை. "அவளும்தான்."

இந்தோய் பட்டையைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"உன்னைக் கண்டா இந்த ஊர்ல யாருக்கு ஆகாது, பெலிசா?"

பெலிசா கடற்கரை வீட்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வீடாக நினைத்துக்கொண்டே வந்தாள். கடைசி வீடும் முடிந்தது. அவளைக் கண்டால் ஆகாதவள் என்று ஒருத்திகூட அகப்படவில்லை.